கம்பளியில் விட்ட இடம்

சந்தேகத்தை எங்கள் வீட்டார் ஒரு குறையாக எண்ணியவர்கள் அல்லர். உடுப்பிட்டியில் நாலு பேர் மதிக்கும் குடும்பத்துக்கு வாசல் படலை எவ்வளவு அவசியமோ, சந்தேகமும் அவ்வளவு அவசியம் என்பது அப்பாவின் கொள்கை. அதை நான் இன்றளவும் பெரிதாக மாற்றிக்கொண்டேன் என்று சொல்வதற்கில்லை.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த சித்தப்பா, ஒரு கார்த்திகை விளக்கீட்டு நாளன்று மத்தியானம், முன்னறிவிப்பின்றி வந்து இறங்கினார். கையில் ஒரு கம்பளி. விறாந்தையில் அதை விரித்தபோது கறுப்பு நிலத்தின் நடுவே செம்மஞ்சள் நெருப்பு எரிந்தது. அதைச் சுற்றி ஆட்கள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். எல்லாம் கையால் நெய்தது.

அப்பாவின் தமக்கையாகிய மாமி கம்பளியைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

“உது ஆருக்குத் தம்பி? இஞ்சை என்ன பனியோ கொட்டுது?”

“மாரிக்கு உதவும், அக்கா.”

மாமி ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்தார். “கடைச் சாமானிலை விறகுப் புகை மணக்காது. இது ஆரின்ரையோ அடுப்படியிலை கிடந்து வந்திருக்குது.”

பிறகு குனிந்து உருவங்களை ஆராய்ந்தார். வழுக்கைத் தலையோடு அப்பா, மூக்குத்தியோடு அம்மா, பெரிய கொண்டையோடு மாமி, இரட்டைப் பின்னலோடு நான், கண்ணாடியோடு சித்தப்பா. எங்களை ஒருநாளும் கண்டிராத யாரோ எங்களை நெய்திருந்தார்.

“என்ரை கொண்டையைப் பற்றி அவளுக்கு ஆர் சொன்னது?”

அதுவரை எவரும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசியிருக்கவில்லை.

சித்தப்பா அப்பாவை நோக்கித் திரும்பினார். “அண்ணை, எங்களுக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது. கொடிகாமத்திலை சிநேகிதன் வீட்டிலை நிக்கிறா. நீங்கள் ஓம் எண்டால், விளக்கு வைக்க முதல் கூட்டிக்கொண்டு வாறன்.”

“தோட்டத்துப் பெட்டையோ?” என்றார் மாமி.

அப்பா அந்த நெருப்பை விரலால் தடவிப் பார்த்தார். “கம்பளிக்குத் துடக்கில்லை. அது இருக்கட்டும்,” என்றார். எங்கள் வழக்கப்படி, எவர் கையிலிருந்து வந்தாலும் கம்பளி தீட்டுப்படாது, சாமியறைக்குள்ளும் போகலாம். நெய்தவளைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சித்தப்பா தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தார். அதற்குள் நான் கம்பளியில் ஒரு குற்றம் கண்டுபிடித்திருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளையல்லவா? வட்டம் முழுமையாக இல்லை. சித்தப்பாவுக்கும் எனக்கும் இடையில், ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் வெறும் கறுப்பாக விடப்பட்டிருந்தது.

“சித்தப்பா, இதிலை பிழை விட்டிருக்கினம்.”

அவர் என் தலையில் கை வைத்தார். “பிழை இல்லைப் பிள்ளை,” என்று சொல்லிவிட்டுப் படலையைச் சத்தமின்றிச் சாத்திக்கொண்டு போனார்.

அன்று மாலை வீடெங்கும் விளக்கேற்றினோம். அப்பா அந்தக் கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் அமர்ந்து தேவாரம் பாடினார். எனக்கோ அந்தக் கறுப்பு இடமே நினைவில் நின்றது. பாவம், நூல் முடிந்துபோயிருக்கும். சித்தப்பா இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொடுத்திருந்தால் அந்த ஆளையும் நெய்து முடித்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.