யோசேப்பு தாத்தாவின் கடைசி வரி

யோசேப்பு தாத்தாவுக்குக் காது மந்தம். மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் எந்தக் கீர்த்தனை பாடினாலும் ஒரு வரி பின்னால்தான் வருவார். நாங்கள் முடித்துவிட்டு நிற்போம். அவரும் முடித்த பிறகுதான் ஜெபம். வருடக்கணக்காக அப்படித்தான்.

ஆர்மோனியம் வாசிக்கிற திமிரில் ஒருமுறை, "கொஞ்சம் வெரசா பாடுங்க தாத்தா" என்றேன்.

சிரித்தார். "நீங்கல்லாம் முன்னாடி போங்க தம்பி. நா பின்னாடி வாரேன்."

போன புதன்கிழமை அவரை அடக்கம் செய்தோம்.

இன்று ஆராதனைக்குப் பதுளையிலிருந்து ஒரு புதுப் போதகர் வந்திருந்தார். பாட்டு முடிந்ததும் "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார்.

புதிதாக வரும் எல்லாப் போதகர்களிடமும் சொல்வதையே முன்வரிசை ராக்கேல் அக்கா இன்றும் சொல்லிவிட்டார்: "கொஞ்சம் பொறுங்க ஐயா, தாத்தா இன்னும் முடிக்கல."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

போதகர் எந்தத் தாத்தா என்று கேட்கவில்லை. பொறுத்தார். ஒரு வரி பாடும் நேரம் கோயிலே சத்தமில்லாமல் நின்றது.

பின்னாடி வாரேன் என்றவர் முந்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறும் பாட்டு முடிந்து அந்த ஒரு வரி நேரம் கழியும்வரை நான் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்கப் போவதில்லை. மறுப்பு உள்ளவர்கள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.