ஒரு வயது அப்பாவுக்கு ஒரு ஃபிளக்ஸ்

என் அப்பாவின் முதலாம் பிறந்தநாளுக்கு மாமா ஃபிளக்ஸ் அடித்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. ஆவூரில் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலை ஒட்டி ஓர் ஓட்டு அறை உண்டு. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஞாயிறு மாலைகளில் அங்கே கூடுவார்கள். தங்களுக்குள் மனம்விட்டுப் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், கலைந்துபோவார்கள். குடிக்காமல் ஒரு வருடத்தைத் தாண்டியவருக்கு ஒற்றை மெழுகுவர்த்தி வைத்துக் கேக் வெட்டுவார்கள். அதைப் பிறந்தநாள் என்றுதான் சொல்வார்கள்.

அதற்கு முன்பு அப்பா குடியை விட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. வருடா வருடம் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு விடுவார். கெடு முடிந்து கயிற்றை அவிழ்க்கும் நாளுக்கு, நான் தீபாவளிக்குக் காத்திருப்பதைவிட ஆவலாகக் காத்திருப்பார். இந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தவர் அம்மா. ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற பெண், தன் வீட்டுக்காரர் அங்கே போய்த்தான் தேறினார் என்று காதோடு காதாகச் சொன்னாராம். அப்பா ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார். எங்கள் ஊரான இலுப்பூரில் ஓர் ஈ காக்காய்க்கும் தெரியக்கூடாது. அவர் குடித்தது ஊருக்கே தெரியும், அது மட்டும் பரவாயில்லையாம்.

ஞாயிறு தவறாமல் தேய்த்த சட்டையோடு ஆவூர் பஸ் ஏறுகிறவரைப் பார்த்து, அவர் வேதத்தில் சேர்ந்துவிட்டார் என்று தெருவில் முடிவுகட்டினார்கள். அப்பா மறுக்கவும் இல்லை. எனக்கு எதுவாக இருந்தாலும் சரிதான். வீட்டில் தட்டுகள் பறப்பது நின்றிருந்தது. சாயங்காலமானால் அப்பா என்னோடு தாயம் ஆடினார், கூசாமல் அழுகுணி ஆட்டமும் ஆடினார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அந்தக் கூட்டத்தில் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. அங்கே பார்த்தவரை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும், வெளியில் மூச்சுவிடக் கூடாது. பிறந்தநாளுக்கு வீட்டாரும் வரலாம் என்றதும் அம்மா பூரித்துப்போய்த் தன் தம்பிக்குப் போன் செய்தார். இடத்தையும் நேரத்தையும் சொன்னவர், வழக்கத்தைச் சொல்ல மறந்துபோனார்.

மாமா திருமயத்துக்காரர். காதுகுத்தோ சடங்கோ, ஃபிளக்ஸ் இல்லாமல் நடந்தால் அது நடந்ததாகவே அவருக்குக் கணக்கில்லை.

நாங்கள் ஆவூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே அப்பா பனைமர உயரத்துக்கு நிற்கிறார். கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த தலை. இரண்டு பக்கமும் சிங்கம். கீழே மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் கைகூப்பியபடி வரிசையாக. ‘குடியை வென்ற கோமானே! முதலாம் பிறந்தநாள் காணும் எங்கள் மச்சானே!’ அதற்கும் கீழே இடம், நேரம், அனைவரும் வருக.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்களோடு இறங்கிய இரண்டு பேர் ஃபிளக்ஸை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் இருவரும் கூட்டத்துக்கு வந்தவர்கள். ஃபிளக்ஸின் அடியில் எங்களுக்காகக் காத்திருந்த மாமாவிடம் அப்பா பாய்ந்து போனார்.

“என்ன காரியம்டா மாப்ள பண்ணிவச்சிருக்க? எனக்கு மானம் போனாப் போவுது. இதப் பாத்தா வாரவங்க இனிமே அங்கிட்டு எட்டிப் பாப்பாங்களா? அவங்க இல்லாட்டி நான் எங்க போவேன்?”

“ஒரு வருசமா என் அக்கா அழுவாம போன் பேசுது மச்சான். சந்தோசத்துல பண்ணிட்டேன்” என்றார் மாமா. அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

நல்லவேளை, அதைக் கட்டிய ஃபிளக்ஸ் கடைக்காரர் ஏணியோடு அங்கேயே நின்றார். அப்பா சொன்னதும் ஏறிக் கயிறுகளை அறுத்தார். இருவருமாகச் சுருட்டினார்கள். சுருட்டி முடித்தும் அவர் போகவில்லை.

“அண்ணே, இதுல எழுதுனது நெசந்தானா? இல்ல, மொறைக்கு அடிக்கச் சொன்னாங்களா?”

“நெசந்தாம்ப்பா.”

“அங்க பேரு ஊரெல்லாம் கேப்பாங்களாண்ணே?”

அப்பா ஃபிளக்ஸ் சுருளைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“பேரு போதும். டீ குடுப்பாங்க. வாங்க, சேந்தே போவோம்.”

ஃபிளக்ஸ் இறங்கியதும் அந்த இரண்டு பேரும் பின்னாலேயே வந்துசேர்ந்தார்கள். அப்பா எல்லோர் முன்னாலும் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார். பிறகு மூலையில் இருந்த ஒரு பெரியவர், “அந்தச் சிங்கத்த நாங்களும் பாக்கணும்ல, விரிங்க” என்றார். கதவைச் சாத்திவிட்டு விரித்தார்கள். குடிக்காத மனிதர்கள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

கேக் வெட்டினார்கள். நான் வாயைத் திறந்துகொண்டு பக்கத்திலேயே நின்றேன். அப்பா முதல் துண்டை எடுத்தார், என்னைத் தாண்டிப் போனார், கடைசி நாற்காலியில் இருந்த ஃபிளக்ஸ் கடைக்காரரிடம் நீட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த மனிதரோ அதை ஒழுங்காக வாங்கவும் இல்லை. இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்க, க்ரீமெல்லாம் சட்டையில் சிந்தியது. அப்பா அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் இருந்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஒரு துண்டு கேக்கைப் பிடிக்கக்கூடத் தெரியாத ஆளுக்குப் போயா முதல் துண்டு என்று, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை.