பால் புகட்டிய கிண்ணம்

“என்னடி இது, இப்படியா அடிப்பிடிக்க விடுவ?” என்று திட்டிக்கொண்டே கரியேறிய பானை ஓட்டுத் துண்டைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்க்கிறாள். திட்டு வாங்குபவள் செத்து ஈராயிரம் வருஷம் இருக்கும். அகழாய்வுக் குழியை ஒட்டிய தகரக் கொட்டகையில், மூன்று வாளித் தண்ணீருக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இவளுக்குக் குழி தோண்டுகிறவர்கள் வைத்த பெயர், ‘பல் டாக்டர்’.

ஓடு கழுவுவதுதான் வேலை. ஆனால் வாய் சும்மா இருக்காது. கரி ஒரு பக்கம் மட்டும் அப்பியிருந்தால், “காத்து எதிர்ல அடிச்சிருக்கு. புகையெல்லாம் பாவம் இவ கண்ணுலதான்” என்பாள். விளிம்பில் பதிந்த விரல் தடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்து, “சின்னக் கை. குழந்தையக் கூட விடல, வேலை வாங்கியிருக்கானுங்க” என்று பல்லைக் கடிப்பாள். கூடை கூடையாக வரும் ஓடுகளில் ஒரு ராஜாவையும் அவள் இதுவரை சந்தித்ததில்லை.

போன மாதம் உடையாத கிண்ணம் ஒன்று வந்தது. உள்ளங்கையில் அடங்கும். சுண்டுவிரல் பருமனில் ஒரு மூக்கு. அதன் நுனி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கழுவிக்கொண்டிருந்தவள் அந்த நுனியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய இரண்டாவது மகன் அண்ணம் பிளந்து பிறந்தவன். மார்பில் வாய் வைத்தால் பால் மூக்கு வழியாக வந்துவிடும். இப்படி ஒரு கிண்ணத்தால்தான் சொட்டுச் சொட்டாகப் புகட்டி அவனைப் பிழைக்க வைத்தாள்.

அகழாய்வு அதிகாரி அதற்கு எழுதிய அட்டை: ‘சடங்குக் கலம்’.

“சார், இது பிள்ளைக்குப் பால் குடுக்கிற கிண்ணம்.”

“அதுக்கு ஆதாரம் வேணும்மா.”

“சடங்கு நடந்துச்சுங்கிறதுக்கு மட்டும் உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?”

“நீங்க கழுவுங்க. எழுதுறது எங்க வேலை.”

அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. “புரியலைன்னா உடனே சாமி தலையில கட்டிடுவீங்களா? அந்தக் காலத்துல எவளும் பிள்ளையே பெறலையா சார்?” கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு, அவர் கையை இழுத்து, அதன் மேலே சாய்த்தாள். ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அட்டை மாறவில்லை.

தோண்டியெடுத்த பொருள்களின் கண்காட்சி திறந்த அன்று வேலையாட்களைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவள் நிற்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு கிண்ணம் இருந்த கண்ணாடிப் பெட்டியருகே போனாள். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் குனிந்து, “சடங்கு...” என்று எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்.

பல் டாக்டர் தன் உள்ளங்கையை விரித்து, கண்ணாடியின் மேல் அட்டை மறைகிற மாதிரி அழுத்தி வைத்தாள்.

“அதப் படிக்காதம்மா. உள்ள இருக்கிறதப் பாரு.”

காவலாளி அதட்டிக்கொண்டே ஓடிவந்தான். அவள் கையை எடுக்கவில்லை.