வெட்டுக்கிளி ஏறிய பஸ்

இன்று லிந்துலையில் ஹட்டன் பஸ் நின்றபோது, பருமனான ஓர் அக்கா முழங்காலைப் பிடித்தபடி ஏறினார். "சுருக்கா ஏறுங்க, டைம் இல்ல!" என்று கத்தினார் கண்டக்டர்.

அக்காவின் பின்னாலேயே ஒரு வெட்டுக்கிளியும் ஏறிவிட்டது! ஒரே தாவலில் கண்டக்டரின் தோளில்.

"இது மட்டும் நம்ம சைஸுல இருந்துச்சுன்னா தேயில ஃபெக்டரியையே தாண்டிரும்!" என்றார் கண்டக்டர்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"தாண்டாதுண்ணே. ஒடம்பு எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு வளந்தா, காலு பலம் நாலு மடங்குதான் கூடும். பாரம் எட்டு மடங்கு கூடிரும். நம்ம சைஸுக்கு வந்தா அது நிக்கவே தடுமாறும்."

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரே குஷி!

அக்கா மட்டும் கண்டக்டரைப் பார்த்தார்.

"கேட்டீங்களா தம்பி? பாரம் எட்டு மடங்காம். என்னையப் போயி தாவி ஏறச் சொல்றீங்களே!"

பஸ்ஸே சிரித்தது.

தலவாக்கலையில் அக்கா இறங்கும்போது கண்டக்டர் அவருடைய பையை வாங்கிக்கொண்டார். "மெதுவா எறங்குங்கக்கா, டைம் இருக்கு."

கண்டக்டர் ஒருவர் "டைம் இருக்கு" என்று சொல்லி உங்கள் ரூட்டில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் சொல்லுங்கள், வெட்டுக்கிளியை அனுப்பிவைக்கிறேன்; கண்டக்டர் தோளிலிருந்து தாவி வந்து, இன்னும் என் குடையில்தான் உட்கார்ந்திருக்கிறது.