குடும்பத்தில் யாருக்காவது

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் மரபியல் பாடம் நடத்துவேன். பிள்ளைகள் ஒருவர் காதை ஒருவர் பிடித்துப் பார்த்து, "இது எங்க அப்பாவுக்க காது டீச்சர்" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

2006-ல் என் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தான். வந்த நாள் முதல் அவனுக்குத் தூக்கமே இல்லை. மீன்பிடிக்க இரண்டு வள்ளம் வாங்கப்போவதாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். வழியில் பார்த்த ஒருவருக்குக் கையிலிருந்த வாட்சைக் கழற்றிக் கொடுத்தான். இரண்டு மாதத்தில் எல்லாம் அடங்கிப்போனது. சுவரைப் பார்த்துப் படுத்தவன் குளிக்கவில்லை, பிள்ளைகளைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் அம்மாவும் அவனை நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். டாக்டர் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது இதுக்கு முன்னால இப்படி இருந்திருக்கா? யாராவது தன் உயிரைத் தானே போக்கிக்கிட்டாங்களா?"

"இல்ல டாக்டர். அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா.

"அவர் அப்பா?"

"வள்ளம் கவுந்து செத்துப்போனாரு. இவனுக்கு அப்போ நாலு வயசு."

அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது, எவருடைய வள்ளமும் கவிழவில்லை. அதற்கு முன் பல மாதங்கள் அப்பாவும் இப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவரே உயிரை விட்டார் என்ற உண்மையைச் சொன்னால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைக்காது என்று பயந்து அம்மாதான் சர்ச் சாமியாரிடம் விபத்து என்று சொன்னாள். ஊருக்குத் தெரியும், ஆனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் தம்பிக்கும் கல்யாணம் நடந்ததும் அந்தச் சொல்லின் பேரில்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து என் பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "மோளே, அவனுக்கு ரெண்டு பிள்ளைக கெடக்கு. இத வெளிய சொன்னா நாளைக்கு அதுகள யாரு கெட்டுவா?"

மருந்தில் தம்பி தேறினான். ஊரிலேயே ஒன்றரை வருடம் நன்றாக இருந்தான். ஒருநாள் என் வீட்டில் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே, "நான் நல்லாத்தானேக்கா இருக்கேன்? இனி எதுக்கு இந்த மாத்திரை?" என்றான்.

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்து மக்கா" என்றேன். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவன் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவன் தன் உயிரை முடித்துக்கொண்டான். எப்படி என்பதை எழுத மாட்டேன். வகுப்பில் இருந்த என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தார்கள். மறுமுனையில் தம்பி மனைவியின் அழுகை மட்டும்தான் கேட்டது.

எல்லாம் தெரிந்தேதான் சாமியார் வந்தார். ஜெபம் சொன்னார், கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கி நான் டாக்டர்ட்ட உள்ளதச் சொல்லியிருந்தா, அவன் இருந்திருப்பானா?"

"நானும்தானேம்மா சொல்லல்ல" என்றேன்.

2015-ல் தம்பியின் மூத்த மகள் கல்லூரி விடுதியிலிருந்து வந்தவள் படுக்கையை விட்டு எழவில்லை. நானே அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்கும் முன்பே அவள் அப்பாவைப் பற்றியும் தாத்தாவைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். இந்த நோய் குடும்பத்தில் வருவதுண்டு, உயிரை விடத் தோன்றுவதும் ரத்தவழியில் கொஞ்சம் வருவதுண்டு என்றார். அதற்கு ஒரே ஒரு மரபணு காரணமில்லை, பல சிறு காரணங்கள் சேர வேண்டும். வந்தே தீரும் என்று விதியும் கிடையாது. கூடுதலாகக் கவனிக்க வேண்டும், மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது, அந்த எண்ணம் வந்தால் உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவளைப் பார்த்தே சொன்னார்.

பஸ் நிலையத்தில் அவள் கேட்டாள்: "அத்தை, அப்பாக்கு தாத்தாவப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது மக்கா."

"ஒருநாள்கூட கேக்கல்லியா?"

கேட்டான். முதல்முறை துபாய்க்குப் போவதற்கு முந்தின நாள். "அக்கா, அப்பாவுக்க வள்ளத்துல கூட யாரு போனது?" என்று. யாரும் போகவில்லை, அப்பா தனியாகத்தான் போனார் என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டப் போய்விட்டான்.

அதை அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம்.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள். மாத்திரையை விடவில்லை. மனம் இருண்டுவரும் நாட்களில் எனக்கு போன் செய்து, "அத்தை, இன்னைக்கி மனசு சரியில்ல" என்பாள். உடனே புறப்பட்டுப் போவேன்.