வெந்நீர்க்காரியின் மீன் கூண்டுகள்

ஏரிக்கரையில் எல்லோரும் அவளை வெந்நீர்க்காரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். சோறு போடுவதே வெந்நீர்தானே, அதில் என்ன கௌரவக் குறைச்சல் என்பாள்.

ஏரியின் ஒரு மூலையில் மின் நிலையம் இருந்தது. இயந்திரங்களைக் குளிர வைக்க அது ஏரித் தண்ணீரை உறிஞ்சும். சூடேறிய தண்ணீரைக் கால்வாய் வழியாகத் திரும்ப ஏரியிலேயே விடும். அங்கே கேன்டீனில் அவள் பல வருடம் தட்டு கழுவினாள். கழுவும் தொட்டிக்கு மேலே ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே அந்தக் கால்வாய். ஏரி முழுக்கச் சில்லிட்டுக் கிடக்கும் பனி மாதங்களில் கால்வாய் வாயில் மட்டும் ஆவி பறக்கும். கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி மீன்கள் அங்கே வந்து மொய்க்கும். சூடு இருந்தால் மீன் தின்னும், தின்றால் வளரும், இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அவள் புருஷன் வெல்டர். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு 'ம்' வரும், அப்படிப்பட்ட மனிதர். அவர் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்தார். அடியில் பிளாஸ்டிக் டிரம்களைக் கட்டி மிதக்க விட்டார். அவள் வலை தைத்தாள். இப்படி நான்கு கூண்டுகள் வெந்நீர்ப் பக்கம் மிதந்தன. மற்றவர்களின் மீன் குளிரில் தீனி எடுக்காமல் படுத்துக் கிடக்க, அவள் மீன் மட்டும் தளதளவென்று வளர்ந்தது. கேன்டீன் வேலையை உதறிவிட்டாள்.

இதைப் பார்த்து நாத்தனாரும் கூண்டு போட்டாள். ஆனால் எதிர்க்கோடியில், மலை ஓடை வந்து விழுகிற இடத்தில். அங்கே எந்நேரமும் காற்று, தண்ணீரும் சில்லென்றிருக்கும். "அண்ணி, உங்க பக்கம் தண்ணி அசையவே மாட்டேங்குது. எனக்கு என்னமோ சரியாப் படல" என்று ஒருநாள் படகுத்துறையில் சொன்னாள். சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். வெந்நீர்க்காரிக்கு நாக்கு சும்மா இருக்குமா? "உன் மீனுக்கெல்லாம் ஆளுக்கொரு கம்பளி பின்னிக் குடு, பாவம், நடுங்கியே செத்துடப்போகுது" என்றாள். துறையே சிரித்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

பிறகு அந்தக் கோடை வந்தது. காற்று அடியோடு நின்றுவிட்டது. எப்போதும் லேசான பழுப்பாக இருக்கும் தண்ணீர் முதலில் பச்சையானது. அப்புறம் யாரோ டின் டின்னாகப் பெயின்டைக் கவிழ்த்த மாதிரி கெட்டியாக ஏடு படிந்தது. குமட்டுகிற நாற்றம். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைத் தேடின.

மாதாமாதம் சோதனைக்குப் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போக வரும் நீர்வளத்துறைப் பெண்ணிடம் இது என்ன கர்மம் என்று வெந்நீர்க்காரி கேட்டாள். அந்தப் பெண் படகிலேயே உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். ஏரியில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் பல வகை உண்டு. எல்லாம் ஒரே வெளிச்சத்துக்கும் ஒரே சத்துக்கும் அடித்துக்கொள்கிறவை. குளிர்ந்த நீரில் பழுப்புப் பாசியின் கை ஓங்கும். அதற்குக் கண்ணாடி மாதிரி கனமான ஓடு. தண்ணீர் கலங்கிக்கொண்டே இருந்தால்தான் மேலே நிற்கும். சூடேறி, மேல் தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டால் அது கீழே இறங்கிவிடும். அப்போது நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம். அது தனக்குள்ளேயே காற்றுப் பை வைத்திருக்கிறது. மேலே மிதந்து வெயிலை மறைத்து மற்றதையெல்லாம் பட்டினி போட்டுவிடும். இருட்டில் தண்ணீரிலிருக்கும் பிராண வாயுவை இழுத்துக்கொள்ளும், செத்து அழுகும்போது மிச்சத்தையும் தின்றுவிடும்.

"இதுக்கு என்னம்மா மருந்து?"

"தண்ணி ஆறணும். இல்ல, காத்து வரணும்."

வெந்நீர்க்காரி பழைய கேன்டீன் உறவைச் சொல்லி மின் நிலைய அதிகாரியைப் போய்ப் பார்த்தாள். கொஞ்ச நாளைக்குச் சுடுதண்ணீர் விடுவதைக் குறைக்க முடியுமா என்று கேட்டாள். அவள் கழுவிய தட்டில் சாப்பிட்டவர்தான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "அக்கா, வெயில் இப்படிக் காயுது. ஊரே ஃபேனைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. நான் எதை நிறுத்துறது, நீங்களே சொல்லுங்க" என்றார். வெயில் ஏற ஏற மின்சாரம் கூடும், மின்சாரம் கூடக் கூட வெந்நீர் கூடும். அவர் மேசைக்கு மேலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

வாளி வாளியாக ஏட்டை அள்ளிக் கொட்டினார்கள். அள்ளிய இடம் திரும்பும் முன் மூடிக்கொண்டது. காற்றடிக்கும் பம்பை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள்; கடலில் கரைத்த பெருங்காயம்தான். இரண்டு கூண்டு மீன் வயிறு வெளுத்து மிதந்தது. மற்ற இரண்டில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

"இழுத்துக்கிட்டுப் போயிடலாம்" என்றார் புருஷன். எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. "என் மீன் சாகுது. உன் பக்கம் கொஞ்சம் இடம் குடு. உன் மோட்டார் படகும் வேணும்" என்றாள்.

நாத்தனார் யோசித்தாள். "அந்தப் பாசி கூடவே வந்து இங்கயும் பரவிட்டா?"

"அது இங்கயும் இருக்காம். குளிர்ல தலையெடுக்க முடியாமக் கெடக்காம். அந்தத் தண்ணி ஆபீஸ் பொண்ணு சொன்னா."

நாத்தனார் உள்ளே போய் டீசல் கேனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

விடிந்ததும் இரண்டு கூண்டுகளையும் படகுக்குப் பின்னால் கட்டி இழுத்தார்கள். வேகமாகப் போனால் வலையில் மோதியே மீன் சாகும். மெதுவாகப் போனால் மூச்சு முட்டிச் சாகும். அண்ணனும் தங்கையும் மாறி மாறிச் சுக்கானைப் பிடித்தார்கள். நடு ஏரியை நெருங்கும்போது மோட்டார் இருமியது, புகைந்தது, நின்றுவிட்டது. குளிர வைக்கத் தண்ணீர் இழுக்கும் குழாயில் பாசி அடைத்துக்கொண்டிருந்தது. குழாயைக் கழற்றிக் குத்தி எடுத்தார்கள். கிளம்பியது, மறுபடி நின்றது. ஓடைப் பக்கத்து மரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. துடுப்பால் கூண்டை இழுக்கவா முடியும்?

கூண்டுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வெந்நீர்க்காரி வலை தைக்கிற கத்தியை எடுத்தாள்.

"அறுத்தா ஒண்ணும் கைக்கு வராது" என்றார் புருஷன்.

"செத்தாலும் வராது. போய்ப் பொழைக்கட்டும்."

கூண்டின் சட்டத்தில் குப்புறப் படுத்து, கை எட்டிய மட்டும் வலையைக் கிழித்தாள். தெம்பிருந்த சில மீன்கள் சட்டென்று ஆழத்தில் இறங்கி மறைந்தன. மிச்சம் திறந்த வழியைப் பார்த்தும் போகத் தெரியாமல் அங்கேயே கிடந்தன. கையால் பிடித்துப் பிடித்து வெளியே தள்ளினாள். "போ, போயிடு" என்று ஒவ்வொன்றிடமும் சொன்னாள். தள்ளியவை கொஞ்ச தூரம் போய் மல்லாந்தன. கடைசியில் நாத்தனார்தான் அவள் இடுப்பைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டாள். முழங்கைவரை பச்சையாக இருந்தது. பிறகு சோப்பு போட்டுத் தேய்த்ததில் தோல்தான் சிவந்தது, நாற்றம் போகவில்லை.

காற்று வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. கேன்டீனில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தாள். காலிக் கூண்டுகளைப் புருஷன் கரையேற்றி, சட்டத்தை வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார். இப்போது அவள் நாத்தனாரின் கூண்டுகளில் தீனி போடுகிறாள், வலை கழுவுகிறாள். அன்றைக்கே சொன்னேனே என்று நாத்தனார் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வெந்நீர்க்காரியும் திருப்பி நாலு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள்.

அடுத்த கோடையின் தொடக்கத்தில் நீர்வளத்துறைப் பெண் ஓடைப் பக்கம் வெப்பமானியை இறக்கினாள். ஓடையில் தண்ணீர் குறைந்துவிட்டது, போன வருஷத்தைவிட இங்கேயும் சூடு ஏறியிருக்கிறது என்று தயங்கிச் சொன்னாள். வெந்நீர்க்காரி அன்று முழுக்க அதை மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள். சாயங்காலம் வலையைத் தூக்கும்போது நாத்தனாரிடம் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் வலையை விடவில்லை. "தெரியும் அண்ணி. காலையில தண்ணியில கால வச்சாலே தெரியுதே. இதை விட்டா வேற எங்க போறது?"

தண்ணீரின் பழுப்பில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள்.