பக்கத்தில் சும்மா குந்தியிருந்தவள்

விவாகரத்துக்கு மனுப் போட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் இத்தனை சாமான் இருப்பதே எனக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதி, கோர்ட்டு சமரச மையத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பீரோ அவருக்கு, சாவி எனக்கு என்று மட்டும்தான் எழுதவில்லை. மிக்ஸியின் பெரிய ஜார் அவருடைய அக்கா வாங்கிக் கொடுத்ததாம். அதனால் ஜார் மட்டும் தனியாக அவருக்கு. பதினான்கு வருஷத்தில் ஒருநாளாவது அதைக் கழுவியிருந்தால் நானே துணியில் சுற்றிக் கொடுத்திருப்பேன்.

எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வீட்டில் இருந்த இரண்டு தறிகளில் ஒன்று அவருடைய அப்பா காலத்தது, அது அவருக்கே இருக்கட்டும். இன்னொன்று என் கழுத்துச் செயினை விற்று வாங்கியது, ரசீது மட்டும் அவர் பெயரில். அது கிடைத்தால் ஏனாத்தூரில் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் போட்டு, நானே நெய்து பிழைத்துக்கொள்வேன். கிடைக்காவிட்டால் யார் வீட்டுத் தறியிலாவது கூலிக்கு உட்கார வேண்டியதுதான்.

மத்தியஸ்தம் பேச வந்த வக்கீலம்மா, அந்தத் தறியைக் கொடுக்கச் சம்மதமா என்று அவரிடம் கேட்டார்.

“இவளுக்கு எதுக்கு மேடம் தறி? நெய்யவா தெரியும்? நான் நெய்வேன், இவ பக்கத்துல சும்மா குந்திக்கினு இருப்பா.”

எங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இழைக்கு இழை இரண்டையும் கோத்துப் பிடிக்க வேண்டும். அதற்காகக் கரைக்கான நூல் சுற்றிய நாடாவை ஓட்ட, நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்தச் சும்மா ஆள் நான்தான். அவர் டீ குடிக்கப் போனால் டீ முடியும், பேப்பர் முடியும், அவருடைய கட்சி ஆட்சியைப் பிடிக்கும். அதுவரைக்கும் அவர் வேலையையும் சேர்த்து நானே பார்த்திருக்கிறேன். சேலையைக் கடையில் கொடுக்கும்போது மட்டும் நெய்தவர் அவர்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கத்தினால் “பார்த்தீங்களா மேடம்” என்பார். அதனால் போனை எடுத்து மேசைமேல் வைத்து, முந்தின வாரம் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டேன்.

“இன்னாமா, ரெண்டு ஆளு மாத்திப் பார்த்துட்டேன். கோர்வையே நிக்க மாட்டேங்குது. கரை தனியா, உடல் தனியா பிரிஞ்சிக்கினு வருது. கல்யாணச் சேலைமா, கடைக்காரரு உசுர வாங்கறாரு. நாலு நாள் வந்து முடிச்சிக் குடுத்துட்டுப் போயேன்.”

எங்களுக்கு முன்னாலேயே அந்தச் சேலைக்கு விவாகரத்து ஆகிவிட்டிருந்தது. வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான்.

“சும்மா குந்தறவங்கள எதுக்குப்பா கூப்பிட்டீங்க?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது பதில் சொல்கிற மாதிரி தெரியவில்லை. “தூக்கிக்கினு போவட்டும்” என்றார். வக்கீலம்மா உடனே எழுதிக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தறி கிடைத்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. படியில் அவர் பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டார்.

“அப்போ அந்தச் சேலைக்கு எப்ப வர்ற?”

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டுக்கு வா என்று இந்த மனிதர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.